முதல்நூலும் வழிநூலும்: ‘ஸ்டார் டிரெக்’ தொடரும் அதன் மூத்த நடிகர்களும்

ஒரு கதை முடிந்த பிறகும் அதை விட மனமில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். பிறகு அதற்கு உரை சொல்லத் தொடங்குவார்கள். அதுவும் போதாதவர்கள், தாங்களே அந்தக் கதையை மேற்கொண்டு நடத்திக்கொண்டு போவார்கள். அமெரிக்காவில் 1966-இல் தொடங்கி 1969-இல் நின்றுபோன ‘ஸ்டார் டிரெக்’ என்னும் விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்கு இந்த மூன்றும் நடந்தன. மூன்றாவது நடந்தபோது ஓர் அதிசயமும் கூடவே நடந்தது. அத்தொடரின் பழைய நடிகர்களே, எழுபது வயதை நெருங்கிய நிலையில், ரசிகர்கள் கட்டிய அரங்கில் வந்து நின்று தங்கள் பழைய வேடத்தைப் போட்டார்கள். அப்படி எடுத்த படங்களில் எது தேறியது, எது தேறவில்லை, அதற்குக் காரணம் என்ன என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஆண்டு மலரில் இதற்கென்ன இடம் என்று கேட்கலாம். 1980-களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூரதர்ஷனில் இந்தத் தொடர் வந்ததை, வெளி மாநிலங்களில் குடும்பம் நடத்திய நம்மவர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ் நிகழ்ச்சி எதுவும் கிடைக்காத ஊர்களில், இந்தியும் ஆங்கிலமும்தான் வீட்டுக்குள் வந்தன. கூர்மையான காதுள்ள ஸ்பாக் என்ற அந்த விஞ்ஞானியைப் பிள்ளைகள் அப்போதே அடையாளம் கண்டுகொண்டார்கள். பம்பாயில் பிறந்து 1965-இல் இந்திய அழகியாகத் தேர்வான பெர்சிஸ் கம்பட்டா, 1979-இல் வந்த முதல் ஸ்டார் டிரெக் திரைப்படத்துக்காகத் தலையை மொட்டையடித்துக்கொண்டு நடித்தார் என்பதும் அன்று பெரிய செய்தி. ஆகவே நமக்கு இது முற்றிலும் அந்நியமான சரக்கு இல்லை.

அளவுகோல்

ஒரு பொருளை நிறுக்கப் படிக்கல் வேண்டும். இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் படிக்கல் நன்னூல். பவணந்தி முனிவர் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுக்கிறார். வழிநூல் என்பது முதல்நூல் சொன்ன முடிவுகளோடு ஒத்துப்போக வேண்டும். அதே சமயம் பின்னால் வந்தவன் தன் பங்காகச் சில வேறுபாடுகளைச் சேர்க்கவும் வேண்டும். மரபும் கெடக் கூடாது. மூலத்தோடு பாதி ஒத்துப் பாதி விலகுவது சார்புநூல். இந்த இரண்டிலும் சேராத ஒன்று உண்டு. அது வெறும் படி. ஓலையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுகிறவன் புண்ணியம் செய்கிறான், சந்தேகமில்லை. ஆனால் அவன் நூல் செய்தவன் ஆகமாட்டான்.

ரசிகர்கள் எடுத்த படங்களில் பெரும்பாலானவை இந்தப் படி வகையைச் சேர்ந்தவை. அதே சட்டை, அதே நாற்காலி, அதே வண்ண விளக்கு. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கும். வழிநூல் என்று சொல்லத்தக்கவை சிலவே. அந்தச் சிலவற்றில் பின்னோர் சேர்த்த வேறுபாடு எது என்று பார்த்தால், அநேகமாக எல்லாவற்றிலும் ஒன்றே. அது வயது. நடிகரின் முகத்தில் விழுந்த உண்மையான சுருக்கத்தை மறைக்காமல் அதையே கதைப்பொருளாக ஆக்கிய படங்கள் நின்றன. இதுவே நான் சொல்லவந்தது. இனி ஆதாரம்.

மூலமும் அதன் கணக்கும்

ஜீன் ராடன்பெரி உருவாக்கிய இந்தத் தொடரின் முதல் பகுதி 1966 செப்டம்பர் 8-ஆம் தேதி என்.பி.சி. நிறுவனத்தில் ஒளிபரப்பானது. மூன்று பருவங்கள், மொத்தம் 79 பகுதிகள். இரண்டாவது பருவத்திலேயே நிறுத்திவிடப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற தம்பதியர் முன்நின்று ரசிகர்களைக் கடிதம் எழுதவைத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. 1968 மார்ச் 1-ஆம் தேதி, தொடர் நிற்காது என்று நிறுவனம் தொலைக்காட்சியிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் மூன்றாம் பருவத்துக்கு வெள்ளிக்கிழமை இரவு 10 மணி என்ற நேரத்தைக் கொடுத்தார்கள். இளைஞர்கள் வீட்டில் இல்லாத நேரம் அது. செலவுத் தொகையையும் குறைத்தார்கள். 1969-இல் கடை சாத்தப்பட்டது.

அதன் பிறகுதான் வியாபாரம் சூடுபிடித்தது. உள்ளூர் நிலையங்கள் இந்தத் தொடரைத் திரும்பத் திரும்பப் போட்டன. 1972 ஜனவரியில் நியூயார்க்கில் ரசிகர்கள் ஒரு மாநாடு கூட்டினார்கள். சில நூறு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் மூவாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 1976-இல் அமெரிக்க அரசின் முதல் விண்ணோடத்துக்கு ‘என்டர்பிரைஸ்’ என்ற கதைக்கப்பலின் பெயரே வைக்கப்பட்டது. அதற்கும் காரணம் ரசிகர்களின் கடிதங்கள்தான். அந்த விண்ணோடம் வெளியே கொண்டுவரப்பட்ட நாளில் பழைய நடிகர்கள் பலரும் அங்கே போய் நின்றார்கள்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்து ஒப்பந்தப்படி, முதல் சில மறுஒளிபரப்புகளுக்கு மட்டுமே நடிகர்களுக்குப் பங்குத் தொகை உண்டு. அதற்குப் பிறகு எத்தனை நூறு முறை போட்டாலும் காலணா கிடையாது. ஆக, 1970-களில் உலகமே இவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவர்களில் சிலர் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். வேறு வேடம் கேட்டுப் போனால், நீ அந்தக் கப்பல்காரன்தானே என்ற பேச்சு. முகம் விற்றுப்போய்விட்டது, விலை மட்டும் வந்து சேரவில்லை. ரசிகர் மாநாடுகள் அவர்களுக்கு மரியாதை கொடுத்தன. கொஞ்சம் வருமானமும் கொடுத்தன. ரசிகருக்கும் நடிகருக்கும் நெருக்கம் வளர்ந்த கதையில் இந்த வயிற்றுப்பாட்டு அம்சத்தை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

வேடமும் ஆளும்

ஸ்பாக் வேடம் போட்ட லெனார்ட் நிமாய், 1975-இல் ஒரு நூல் எழுதினார். ‘நான் ஸ்பாக் அல்ல’ என்பது அதன் தலைப்பு. ரசிகர்களுக்கு வருத்தம். இருபது வருஷம் கழித்து, 1995-இல், இன்னொரு நூல் எழுதினார். அதன் தலைப்பு ‘நான்தான் ஸ்பாக்’. தலைப்பை மட்டும் பார்த்து இதை ஒரு தமாஷாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மனிதன் தான் போட்ட வேடத்தோடு இருபது வருஷம் வழக்காடி, பிறகு சமாதானமாகப் போனதன் பதிவு அது.

கப்பலின் தகவல் அதிகாரி உஹுராவாக நடித்தவர் நிச்செல் நிக்கோல்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி. முதல் பருவத்தோடு விலகிவிட நினைத்ததாகவும், மார்ட்டின் லூதர் கிங் தம்மைச் சந்தித்து, விலகக் கூடாது என்று கேட்டுக்கொண்டதாகவும் அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். தொலைக்காட்சியில் ஒரு கறுப்பினப் பெண் பொறுப்பான பதவியில் உட்கார்ந்திருப்பதே அந்த நாளில் பெரிய காரியம். 1977-இல் நாசா அவரை அழைத்து, பெண்களும் சிறுபான்மையினரும் விண்வெளி வீரர் பணிக்கு விண்ணப்பிக்கப் பிரசாரம் செய்யவைத்தது. 1992-இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண்ணான மே ஜெமிசன், பிறகு 1993-இல் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அடுத்த ஸ்டார் டிரெக் தொடரில் ஒரு பகுதியில் தாமே வந்து தலைகாட்டினார். கதை வாழ்க்கைக்குள் போய், வாழ்க்கை மறுபடி கதைக்குள் வந்தது.

பொறியாளர் ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூஹான், உயிரை விடத் துணிந்து கடிதம் எழுதிய ஒரு ரசிகையை மாநாட்டுக்கு மாநாடு வரச்சொல்லி, பேசிப் பேசித் தேற்றியதையும், அந்தப் பெண் பிற்பாடு மின்னணுப் பொறியியல் படித்துத் தேறியதையும் ‘டிரெக்கீஸ்’ என்ற 1997-ஆம் வருஷத்து ஆவணப்படத்தில் கண்கலங்கச் சொல்லியிருக்கிறார். பார்ப்பவனுக்கும் கண்ணில் தண்ணீர் வரும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கேப்டன் கர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் 1986-இல் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில், ரசிகர்களைப் பார்த்து, உங்களுக்கு வேறு பிழைப்பே இல்லையா என்ற பொருளில் கத்துவதாக ஒரு காட்சி. ரசிகர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் புண்பட்டார்கள். அதே ஷாட்னர் 1999-இல் அந்த வசவையே தலைப்பாக வைத்து ஒரு நூல் எழுதி, ரசிகர்கள் எதற்காக வருகிறார்கள் என்பதை நிதானமாக விசாரித்தார். அதே 1999-இல் வந்த ‘கேலக்ஸி குவெஸ்ட்’ என்ற கேலிப்படமும், மவுசு போன நடிகர்களையும் அவர்களை முழுக்க நம்பும் ரசிகர்களையும் கிண்டல் செய்யத் தொடங்கி, முடிவில் ரசிகர் பக்கமே சாய்ந்துவிட்டது. கேலி செய்யப் போனவர்களும் கடைசியில் மரியாதையோடுதான் திரும்பினார்கள்.

முதல் சாட்சி: 1982

ரசிகர்களின் படங்களுக்குப் போகுமுன், உரிமையாளர்களே எடுத்த ஒரு வழிநூலைச் சொல்லிவிடுகிறேன். 1967-இல் வந்த ‘ஸ்பேஸ் சீட்’ என்ற பகுதியில் கான் என்றொரு வில்லன். கதைப்படி அவன் வட இந்தியன். நடித்தவர் மெக்சிகோவைச் சேர்ந்த ரிக்கார்டோ மொண்டல்பான். கதைமுடிவில் கர்க் அவனை ஒரு வெற்றுக் கிரகத்தில் இறக்கிவிட்டுப் போகிறார். பதினைந்து வருஷம் கழித்து, 1982-இல், நிக்கோலஸ் மேயர் இயக்கிய ‘ராத் ஆஃப் கான்’ படத்தில் அதே நடிகர் அதே வேடத்தில் திரும்பி வருகிறார். நடுவில் போன பதினைந்து வருஷம் கதையிலும் பதினைந்து வருஷமாகவே போயிருக்கிறது. கர்க்குக்குப் பிறந்த நாள். டாக்டர் மெக்காய் கொடுக்கும் பரிசு ஒரு மூக்குக்கண்ணாடி. வெள்ளெழுத்து வந்துவிட்ட கேப்டன்!

1979 படத்தில் அதே நடிகர்கள்தான், அதைவிடச் செலவும் அதிகம். ஆனால் வயதைக் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டார்கள். 1982 படம் வயதை நேராகப் பார்த்தது. நாற்பது வருஷம் தாண்டியும் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவது எதை என்று கேட்டால், இரண்டாவதைத்தான்.

ரசிகர் கட்டிய கப்பல்

இனி ரசிகர்களின் பட்டறைக்கு வருவோம். ஜேம்ஸ் காலி என்பவர் எல்விஸ் பிரெஸ்லியைப் போல வேடமிட்டு மேடையில் பாடிச் சம்பாதிக்கிற கலைஞர். அந்தச் சம்பாத்தியத்தைக் கொட்டி, மூலத் தொடரின் வரைபடங்களைப் பார்த்து, நியூயார்க் மாநிலத்தில் அந்தக் கப்பலின் உட்புறத்தை அப்படியே கட்டினார். 2004 முதல் ‘நியூ வாயேஜஸ்’ என்ற பெயரில், நின்றுபோன தொடரின் நான்காவது பருவமாகப் புதிய பகுதிகளை எடுத்து இலவசமாக வெளியிட்டார். கர்க்காக அவரே நடித்தார். நடிப்பு சுமார்தான், உச்சரிப்பும் முகபாவமும் பல இடங்களில் பள்ளிக்கூட ஆண்டு விழா தரம். ஆனால் அரங்கு அசல்.

அந்த அரங்குக்கு வந்த மூத்தவர்களில் ஒருவர் வால்டர் கோனிக். செகாவ் என்ற ரஷ்ய இளைஞனாக 1967-இல் இரண்டாம் பருவத்தில் சேர்ந்தவர். 1973-இல் அதே கதை கேலிச்சித்திரத் தொடராக வந்தபோது, மற்ற நடிகர்கள் குரல் கொடுக்க அழைக்கப்பட்டார்கள். செலவை மிச்சப்படுத்த இவரை விட்டுவிட்டார்கள். நிக்கோல்ஸையும் டக்கேயையும்கூட முதலில் விடப் பார்த்தார்கள். நிமாய் பிடிவாதம் பிடித்ததால் அவர்கள் இருவரும் உள்ளே வந்தார்கள். கோனிக்குக்கு ஒரு பகுதி எழுதும் வாய்ப்பு மட்டும் கிடைத்தது. இப்படி ஒதுக்கப்பட்டவருக்கு, 2006-இல் ரசிகர்கள் ‘டு சர்வ் ஆல் மை டேஸ்’ என்ற முழுப் பகுதியையே கொடுத்தார்கள். எழுதியவர் மூலத் தொடரின் கதைப் பொறுப்பாசிரியராக இருந்த டி.சி. ஃபொண்டானா.

இதன் கதைக்கரு மூலத்திலேயே விழுந்த ஒரு விதை. 1967-இல் வந்த ‘டெட்லி இயர்ஸ்’ பகுதியில், ஒரு கதிர்வீச்சால் கர்க் முதலான அனைவரும் சில நாட்களிலேயே கிழவர்களாகிவிடுவார்கள். செகாவ் ஒருவன் மட்டும் தப்புவான். பயந்துபோனதில் அவன் உடம்பில் சுரந்த நீரே அவனைக் காத்தது என்று காரணம் சொல்வார்கள். மற்றவர்கள் அன்று போட்டுக்கொண்டது ரப்பர் சுருக்கம், நரைத்த பொய்முடி. நாற்பது வருஷம் கழித்து, தப்பிய அந்தச் செகாவுக்கே முதுமை வந்து சேருகிறது. இம்முறை ஒப்பனை தேவைப்படவில்லை. கோனிக்குக்கு வயது எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. அன்று தள்ளிப்போன கடன் வட்டியோடு வந்து நிற்பதுபோல் இருக்கிறது. வழிநூலுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மூலத்தில் ஓர் எழுத்தும் கெடவில்லை; ஆனால் பின்னோன் சேர்த்த பொருள் மூலத்தின் பொருளையே ஆழமாக்கிவிட்டது.

சூலுவின் முப்பது வருஷம்

அடுத்தது 2007-இல் வந்த ‘வேர்ல்ட் இனஃப் அண்ட் டைம்’. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் ஆண்ட்ரூ மார்வெல்லின் கவிதையிலிருந்து எடுத்த தலைப்பு. காலம் போதவில்லை என்ற ஏக்கம் அதில் இருக்கிறது. மார்க் ஸ்காட் ஸிக்ரி இயக்கினார். அவரும் மைக்கேல் ரீவ்ஸும் சேர்ந்து எழுதினார்கள். நடித்தவர் ஜார்ஜ் டக்கே. மூலத் தொடரில் சூலு என்ற மாலுமி. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, சொன்ன திசையில் கப்பலைத் திருப்புவதே பெரும்பாலும் அவர் வேலை. 1966-இல் ஒரே ஒரு பகுதியில் சட்டையில்லாமல் வாளை வீசிக்கொண்டு ஓடும் காட்சி கிடைத்தது. அதையே ரசிகர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், மற்றபடி எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். 1991-இல்தான் அவருக்குச் சொந்தமாக ஒரு கப்பலின் கேப்டன் பதவி கதையில் கிடைத்தது.

ரசிகர் படத்தின் கதை இது. வேலையாக இன்னொரு கப்பலுக்குப் போன இளம் சூலு, ஒரு விபத்தில் சிக்கி, திரும்ப வரும்போது முப்பது வருஷம் மூத்தவராக வந்து நிற்கிறார். கப்பலில் இருப்பவர்களுக்கு ஒரு கணம்தான் கழிந்திருக்கிறது. அவருக்கோ வேறோர் உலகில் ஒரு வாழ்க்கையே கழிந்துவிட்டது. அங்கே பிறந்து வளர்ந்த அலானா என்ற மகளும் கூட வருகிறாள். ஆனால் அவளால் இந்த உலகத்தில் முழுமையாக ஒட்ட முடியவில்லை. கப்பலைக் காப்பாற்ற வேண்டுமானால் அந்த முப்பது வருஷ வாழ்வையும் மகளையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற இக்கட்டு வருகிறது.

இளம் சூலுவாக வேறொரு நடிகர் வருகிறார். மூத்த சூலுவாக டக்கே கதவைத் திறந்துகொண்டு அந்தப் பழைய மேல்தளத்தில் கால்வைக்கிற இடம் ஒன்று போதும். தன் நாற்காலியைப் பார்க்கிறார். சுற்றிலும் தன் தோழர்கள் அதே இளமையோடு நிற்கிறார்கள். அவர்கள் வேடத்தில் இருப்பவர்கள் வேறு நடிகர்கள் என்பதே இந்த இடத்தில் பொருத்தமாகிவிடுகிறது. சேர்ந்து வேலை செய்தவர்கள் இருந்த இடத்தில் இப்போது வேறு முகங்கள் இருப்பதை எந்த மூத்தவரும் அறிவார். ரசிகர் படத்தின் குறையாக எண்ணப்பட்ட ஒன்று இங்கே கதைக்கு உதவுகிறது. நாற்பது வருஷமாகத் திசைமாற்றியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த நடிகர், தகப்பனாக உடைந்து நிற்கும் காட்சியில் எத்தனை திறமையை அந்தப் பழைய தொடர் வீணாக்கியிருக்கிறது என்று புரிகிறது.

குறைகளும் உண்டு. கர்க்குக்கும் அந்த மகளுக்கும் நேசம் உண்டாக்கியது அவசரம். விஞ்ஞான விளக்கங்கள் வசனமாக நீண்டு இழுக்கின்றன. ஆனாலும் 2008-இல் ஹ்யூகோ விருதுக்கு இறுதிப் பட்டியலில் இது இடம்பெற்றது. பரிசு பெற்றது ‘டாக்டர் ஹூ’ தொடரின் ‘பிளிங்க்’ என்ற பகுதி. அதில் எனக்குப் பூசலில்லை. சொந்தக் காசைப் போட்டு எடுத்த ரசிகர்களின் படம், பெரிய நிறுவனங்களின் சரக்கோடு ஒரே தராசில் ஏறியதே பெரிய காரியம்.

மாலை மரியாதை மட்டும் போதுமா?

எல்லா மூத்தவர் படமும் தேறியதாகச் சொல்லமுடியாது. ‘ஆஃப் காட்ஸ் அண்ட் மென்’ என்ற படம் 2007 இறுதியிலும் 2008-லும் மூன்று பகுதிகளாக வந்தது. இயக்கியவர் ‘வாயேஜர்’ என்ற பிந்தைய ஸ்டார் டிரெக் தொடரில் நடித்த டிம் ரஸ். நிக்கோல்ஸ், கோனிக் இருவரும் முதன்மை வேடங்களில். 1967-இல் ஸ்டோன் என்ற சிறு வேடத்தில் வந்த லாரன்ஸ் மொண்டெயின்கூடத் திரும்பி வந்தார். இன்னும் பிந்தைய தொடர்களின் நடிகர்கள் பலரும் இருந்தார்கள்.

கரு நல்ல கரு. கர்க் பிறக்கவே இல்லை என்றால் உலகம் என்னவாகியிருக்கும்? உஹுராவும் செகாவும் எப்படி வாழ்ந்திருப்பார்கள்? ஆனால் படம் பார்க்கும்போது நம் சங்க விழா மேடைதான் ஞாபகம் வருகிறது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாலை, ஒரு பொன்னாடை, இரண்டு நிமிஷப் பேச்சு. யாரையும் விட்டுவிடக் கூடாதே என்ற நல்ல மனசுதான். அதனாலேயே யாருக்கும் முழு மரியாதை கிடைக்கவில்லை. நிக்கோல்ஸுக்கு எழுபது வயதுக்கு மேல் ஒரு நாயகி வேடம் என்பது எவ்வளவு அரிய சந்தர்ப்பம்! உஹுரா தன் இன்னொரு வாழ்வை இழக்கும் இடத்தில் கேமரா இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருக்கக் கூடாதா? அதற்குள் அடுத்த விருந்தினர் வந்துவிடுகிறார். அன்பு இருந்தது, அளவு தெரியவில்லை.

இதற்கு நேர்மாறாக ‘ஸ்டார் டிரெக் கன்டின்யூஸ்’ என்ற இன்னொரு ரசிகர் தொடர் (2013 முதல் 2017 வரை, பதினொரு பகுதிகள்) முதல் பகுதியிலேயே ஒரே ஒரு மூத்தவரை அழைத்தது. 1967-இல் கிரேக்கக் கடவுள் அப்பல்லோவாக நடித்த மைக்கேல் ஃபாரஸ்ட், எண்பதைக் கடந்த வயதில் மறுபடி அப்பல்லோவாக வந்தார். அன்று தன்னை வணங்கச் சொல்லி மிரட்டிய கடவுள், இன்று தளர்ந்துபோய், வணக்கம் வேண்டாம், இடம் கொடுத்தால் போதும் என்கிறார். அதே தொடரில் ஸ்காட்டியாக நடித்தவர் கிறிஸ் டூஹான். 2005-இல் காலமான ஜேம்ஸ் டூஹானின் மகன். தகப்பன் நின்ற இயந்திர அறையில் பிள்ளை நிற்கிறார். கூட்டம் சேர்க்காமல் ஓர் ஆளை முழுசாக வைத்துக் கதை சொன்னதால் அது நின்றது.

உரிமையாளர் தரப்பு

இந்தக் கப்பல் ஓட்டமெல்லாம் 2016-இல் தடைப்பட்டது. ‘ஆக்ஸனார்’ என்ற ரசிகர் படத்துக்காகப் பொதுமக்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் பணம் திரட்டியிருந்தார்கள். உரிமையாளர்களான சி.பி.எஸ்., பாரமவுண்ட் நிறுவனங்கள் 2015 டிசம்பரில் வழக்குப் போட்டன. 2017 ஜனவரியில் சமரசமானது. இடையில், 2016 ஜூனில், அந்நிறுவனங்கள் ரசிகர் படங்களுக்குப் பத்து விதிகள் வெளியிட்டன. ஒரு கதை 15 நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டு பாகமானால் மொத்தம் 30 நிமிஷம். 50,000 டாலருக்கு மேல் வசூல் கூடாது. யாருக்கும் சம்பளம் கூடாது. அப்புறம் முக்கியமான ஒன்று: ஸ்டார் டிரெக் தொடரிலோ படத்திலோ இப்போது வேலை செய்கிறவர், முன்பு வேலை செய்தவர் யாரும் பங்கெடுக்கக் கூடாது.

நானும் வியாபாரி. என் கடைப் பெயரை வேறொருவன் பலகையில் எழுதி வசூல் செய்தால் சும்மா இருப்பேனா? இருக்கமாட்டேன். ஆகவே பண வசூலுக்கு வரம்பு போட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பத்து லட்சம் டாலர் திரட்டிய பிறகு, நாங்கள் வெறும் ரசிகர்கள் என்று சொல்வது எடுபடாது.

ஆனால் கணக்கில் இன்னொரு பத்தி இருக்கிறது. கடையைக் கைமாற்றும்போது சரக்குக்கு ஒரு விலை, கட்டடத்துக்கு ஒரு விலை, அப்புறம் ‘குட்வில்’ என்று ஒரு விலை போடுகிறோம். சட்டப்படி அது கடைக்காரனுடைய சொத்துதான். ஆனால் அதை உண்டாக்கியது யார்? வருஷக்கணக்காகப் படியேறி வந்த வாடிக்கையாளர்களும், கல்லாவுக்கு முன்னால் நின்று முகங்கொடுத்துப் பேசிய வேலைக்காரர்களும். 1969-இல் செத்துப்போன இந்தச் சரக்குக்கு உயிர்கொடுத்த ரசிகர்கள் முதல் கூட்டம். மறுஒளிபரப்புக்குக் காசில்லாமலே ஊர் ஊராகப் போய்க் கைகுலுக்கிய நடிகர்கள் இரண்டாவது கூட்டம். அந்த விதி இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே அரங்கில் சேரக் கூடாது என்கிறது. உரிமையாளருக்கு அந்த அதிகாரம் இருக்கலாம். நியாயம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

விமரிசகனாக நான் பார்க்கும் நஷ்டம் இன்னும் திட்டமானது. ‘வேர்ல்ட் இனஃப் அண்ட் டைம்’ ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடுகிறது. பழைய நடிகர் நடித்திருக்கிறார். இந்த விதிகளின்கீழ் அது பிறந்தே இருக்காது. கோனிக்கின் முதுமையும் அப்பல்லோவின் தளர்ச்சியும் அப்படியே. விதி தடுத்தது படி எடுப்பதை அல்ல. சட்டையும் நாற்காலியும் வைத்துப் பதினைந்து நிமிஷம் விளையாட இப்போதும் தடையில்லை. தடைப்பட்டது வழிநூல்.

உரிமையாளர்களுக்கும் மூத்தவர்களின் மதிப்புத் தெரியாமல் இல்லை. 2009 படத்தில் நிமாயை முதிய ஸ்பாக்காக அழைத்து வந்தார்கள். 2023-இல் ‘பிகார்டு’ தொடரின் மூன்றாம் பருவத்தில் ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ நடிகர்களை ஒன்றுசேர்த்தார்கள். அதன் கடைசிப் பகுதியில் கோனிக்கின் குரலும், செகாவ் வம்சத்து ஒருவராக, கேட்டது. நல்ல காரியம். ஆனால் ஒரு பெரிய நிறுவனம் தனக்கு லாபமான மூத்தவரை, தனக்கு வசதியான நேரத்தில்தான் அழைக்கும். டக்கேக்கு முழுநீளக் கதைநாயகன் வேடம் கொடுக்க எந்த நிறுவனமும் நாற்பது வருஷத்தில் முன்வரவில்லை. ரசிகர்கள் கொடுத்தார்கள்.

காலம் காத்திருப்பதும் இல்லை. மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லி 1999-இலும், டூஹான் 2005-இலும், நிமாய் 2015-இலும், நிக்கோல்ஸ் 2022-இலும் மறைந்தார்கள். கெல்லிக்கும் டூஹானுக்கும் முதுமையை மையமாக வைத்த ஒரு கதை ரசிகர் அரங்கில் அமையவே இல்லை. நிக்கோல்ஸுக்கு அமைந்தது அரைகுறை. ஷாட்னர் தமது 90-ஆவது வயதில், 2021 அக்டோபரில், நிஜமாகவே ஒரு ராக்கெட்டில் ஏறி விண்வெளி விளிம்பைத் தொட்டுவிட்டு வந்தார். இறங்கியதும் அவர் பேசியது வெற்றிப் பேச்சாக இல்லை. மேலே கண்ட கருமை துக்கத்தை உண்டாக்கியதாக அடுத்த வருஷம் எழுதினார். கர்க் பேசியிருக்க முடியாத பேச்சு அது. தொண்ணூறு வயது ஆனவருக்குத்தான் வரும். அந்தப் பேச்சை ஒரு கதையாக்க ஆசைப்படும் ரசிகர் இருந்தாலும், விதிப்படி அவரை அழைக்கமுடியாது.

ஆகவே என் துணிபு இதுதான். பழைய கதையை மறுபடி தொடுகிறவர்கள் பழைய சட்டையைத் தைப்பதில் காட்டும் அக்கறையை, அந்தக் கதையில் வாழ்ந்து மூத்தவர்கள் இப்போது சொல்லக்கூடியதைக் கேட்பதில் காட்டவேண்டும். உரிமையாளர்கள் வசூலுக்குப் போட்ட வரம்பை வைத்துக்கொள்ளட்டும். மூத்தவரை விலக்கும் அந்த ஒரு விதியை மட்டும் எடுத்துவிடலாம். அதனால் அவர்கள் கல்லாவில் ஒரு காசும் குறையாது. நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரில் எதைப் பார்ப்பது என்று குழம்ப வேண்டாம். முதலில் 1967-இன் ‘டெட்லி இயர்ஸ்’, அதன் பின் ரசிகர்கள் எடுத்த ‘டு சர்வ் ஆல் மை டேஸ்’ என்று இரண்டையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். இரண்டாவது படத்தில் அவர்கள் உங்களைவிட அதிகம் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.